எல்லாக் கையும் உயர்ந்த கேட் மீட்டிங்

ராயக்கோட்டையிலிருந்து ஓசூருக்குப் போகிற கம்பெனி பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட், ஜன்னலோரம், பேகத்துக்கு உரியது. வேறு யாரும் அங்கே உட்காருவதில்லை. மரியாதைக்காக என்று நினைத்துவிட வேண்டாம். அந்த ஜன்னல் கண்ணாடி முழுசாக மூடாது. மார்கழியில் அந்த இடுக்கு வழியாக வருகிற காற்று காதைப் பிடுங்கிவிடும். பேகம் மட்டும் துப்பட்டாவைக் காதோடு சுற்றிக்கொண்டு, பாட்டுக் கேட்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வருவார். பிடிவாதக்காரி. பக்கத்து சீட் மங்கம்மாவுக்கு. அந்தக் காற்றில் பாதி மங்கம்மா மேலும் அடிக்கும் என்பதால், பேகத்தின் பிடிவாதத்தைப் பற்றி ஊரில் யாரையும்விட அதிகமாகப் பேசத் தகுதியுள்ளவர் அவர்தான்.

இரண்டு பேரும் வேலை செய்வது காருக்கு ஒயர்க் கட்டு தயாரிக்கும் தொழிற்சாலையில். காரின் உடம்புக்குள் ஓடுகிற ஒயர்களை எல்லாம் ஒரு பெரிய பலகையின் மேல் வரிசையாகப் படுக்கவைத்து, ஒவ்வொன்றின் முனையையும் அதற்குரிய பிளாஸ்டிக் கனெக்டரில் செருகி, டேப் சுற்றிக் கட்டாக்கி அனுப்ப வேண்டும். செருகும்போது 'கிளிக்' என்று சத்தம் வரணும். வந்ததும் ஒரு தடவை லேசாக இழுத்துப் பார்க்கணும். செருகு, கேள், இழு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சொல்லிக்கொடுத்தது அதுதான். இத்தனை வருடத்தில் பேகம் செருகிய ஒயரை எல்லாம் நீட்டிப் போட்டால் ஓசூரிலிருந்து எங்கே போய்ச் சேரும் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. ஏதாவது கடலில் போய் விழுந்திருக்கும்.

பேகம் பத்தாம் வகுப்பை நல்ல மார்க்கோடு முடித்தவர். மேலே படிக்க ஆசைப்பட்டார். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனது, கல்யாணம் வந்தது, அந்த ஆசை அப்படியே மடித்து வைக்கப்பட்டது. மாப்பிள்ளை கௌஸ் மொய்தீன் ராயக்கோட்டை மார்க்கெட்டில் தக்காளி வாங்கி லாரிக்கு ஏற்றிவிடுகிற சின்ன வியாபாரி. நல்ல மனிதர். தக்காளி விலை ஏறினால் தானும் ஏறி, விழுந்தால் தானும் விழுகிறவர். ஒரு வருடம் தக்காளியைப் பறிக்கிற கூலிகூடத் தேறாமல் ரோட்டோரம் கொட்டினார்களே, அந்த வருடம்தான் பேகம் கம்பெனி பஸ்ஸில் ஏறினார். அப்போது மகள் இரம் கைக்குழந்தை. இப்போது அவள் பத்தாம் வகுப்பு.

அந்தத் தொழிற்சாலையில் ஒரு தொழிற்சங்கம் உண்டு. சம்பள ஒப்பந்தம் போடுவது, பஞ்சாயத்துப் பேசுவது எல்லாம் எல்லாச் சங்கமும் செய்கிற வேலை. இந்தச் சங்கம் இன்னொன்றும் செய்தது. பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கிறவர்களுக்கு வருடாவருடம் படிப்பு உதவித்தொகை கொடுத்தது. கட்டிங் மெஷின் ஓட்டுகிற முனிவேலின் மகள் சரிதா நர்சிங் படித்தது அந்தப் பணத்தில்தான். இந்த ஒரு காரியத்துக்காகவே அந்தச் சங்கத்தாரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

சங்க ஆபீஸ் சுவரில் உதவித்தொகை பற்றிய விதி பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. அதன் கீழேதான் தண்ணீர் கேன் இருக்கும். தண்ணீர் பிடிக்கிற எல்லோரும் அதைப் பார்த்திருக்கிறார்கள். ஒரு நாள் பேகம் அதை நின்று படித்தார்.

"செல்வம் தம்பி, இங்க 'உறுப்பினர்களுக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும்'னு போட்டிருக்குதே. உறுப்பினர்னா நான்தானே?"

சங்கச் செயலாளர் செல்வம் போனிலிருந்து தலையைத் தூக்காமல், "ஆமாங்க்கா, நீங்கதான்" என்றார்.

"அப்ப எனக்கு வேணும்."

செல்வம் தலையைத் தூக்கினார். சங்கம் தொடங்கிய காலத்திலிருந்து ஒரு உறுப்பினரும் தனக்கென்று கேட்டதில்லை. கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றியதே இல்லை. படிப்பு என்றால் பிள்ளைகளுக்கு, பிள்ளை பெற்றவர்களுக்கு ஓவர்டைம். அப்படித்தான் எல்லோரும் வைத்திருந்தார்கள்.

"என்ன படிக்கப் போறீங்கக்கா?"

"டிப்ளமோ. எலெக்ட்ரிக்கல். வேலைக்குப் போறவங்களுக்கு சாயங்காலக் கிளாஸ் இருக்குதாம், விசாரிச்சுட்டேன்."

"புரமோஷனுக்கா?"

"அதெல்லாம் குடுத்தா வாங்கிக்குவேன். செவப்பு ஒயர இங்க செருகு, மஞ்சள அங்க செருகுன்றாங்க, நானும் செருகிட்டே இருக்கறேன். அந்தச் செவப்பு மட்டும் ஏன் தடியா இருக்குது? ஏன் அது அங்க போவுது? அத தெரிஞ்சுக்காம ரிட்டையர் ஆவறதுக்கு எனக்கு மனசில்ல தம்பி."

இந்தப் பதிலைக் கேட்டு செல்வம் சிரிக்கவில்லை. அதற்காக அவரையும் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் சங்கக் கமிட்டியில் முனிவேல் குறுக்கே நின்றார். அவர் கெட்டவர் இல்லை. மகளைப் படிக்கவைக்க உதவித்தொகை எவ்வளவு தாங்கியது என்று அனுபவித்தவர். இருக்கிற நிதியில் ஒரு பெரியவர் எடுத்துக்கொண்டால் ஒரு பிள்ளைக்குக் குறையும் என்பது அவர் கட்சி. "புள்ளைங்க தட்டுல கை வெக்கற மாதிரி ஆயிடும்" என்றார். கமிட்டி இரண்டாகப் பிரிந்தது. பொதுவில் வைத்து முடிவு செய்வது என்றாகி, கேட் மீட்டிங்குக்குத் தேதி குறித்தார்கள்.

பேகத்துக்கு இதில் இன்னொரு நெருக்கடியும் இருந்தது. உதவித்தொகை வீட்டுக்கு ஒருவருக்குத்தான். அடுத்த வருடம் இரம் பதினொன்றாம் வகுப்புக்குப் போய்விடுவாள். மகள் வரிசையில் வந்து நின்ற பிறகு அம்மா அந்தப் பக்கமே எட்டிப்பார்க்க மாட்டார். சேருகிற வருடத்துக் கட்டணம்தான் கழுத்தைப் பிடிப்பது. அதைத் தாண்டிவிட்டால் மிச்சத்தை எப்படியோ இழுத்துக்கொண்டு போய்விடலாம். இந்த வருடம் கிடைத்தால் உண்டு. இல்லையென்றால் அந்த ஆசை மறுபடியும் மடிந்து, இந்தத் தடவை பெட்டியின் அடிக்கே போய்விடும்.

"கேட்டுப் பாரு, கெடைக்கலன்னா தக்காளி ஏறும்போது பாத்துக்கலாம்" என்றார் கௌஸ் மொய்தீன்.

"உங்க தக்காளிய நம்பித்தான் நான் ஒயர் செருகப் போனேன்" என்றார் பேகம். 

கேட் மீட்டிங் என்பது என்னவென்று சொல்லிவிட வேண்டும். முதல் ஷிப்ட் முடிந்து ஆட்கள் வெளியே வருகிற நேரம், இரண்டாவது ஷிப்ட் உள்ளே போக வந்து நிற்கிற நேரம், இந்த இரண்டுக்கும் நடுவில் கேட்டுக்கு வெளியே ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி நின்று மைக்கில் பேசுவது. ஒரு பக்கம் ராயக்கோட்டை பஸ், பாகலூர் பஸ், தேன்கனிக்கோட்டை பஸ் எல்லாம் வரிசையாக உறுமிக்கொண்டு நிற்கும். பாதிப் பேர் ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டுதான் கூட்டத்தைக் கவனிப்பார்கள். பாகலூர் பஸ்காரர்களுக்காகக் கன்னடத்தில் கொஞ்சம், தெலுங்கில் கொஞ்சம். கடைசியில் செயலாளர் தீர்மானத்தைச் சொல்லி, "ஆதரிக்கிறவங்க கையைத் தூக்குங்க" என்பார். எல்லோரும் தூக்குவார்கள். கை தட்டுவார்கள். பஸ்ஸுக்கு ஓடுவார்கள். எத்தனையோ வருடமாக இதுதான் நடைமுறை. எந்தத் தீர்மானமும் தோற்றதில்லை. எதற்காகக் கை தூக்கினோம் என்று பஸ்ஸில் போகும்போது பக்கத்து சீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்.

அன்றைக்கு செல்வம் ஒரு நல்ல காரியம் செய்யப் பார்த்தார். முனிவேல் எதிர்க்கிறார், அவர் மூத்தவர், அவர் பக்கத்துக்கும் நியாயமாக நடந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தார். பேகத்தின் விஷயத்தை விளக்கிச் சொல்லிவிட்டு, சங்கத்தின் சரித்திரத்திலேயே முதல் தடவையாக, "இதை எதிர்க்கிறவங்க முதல்ல கையைத் தூக்குங்க" என்றார்.

எல்லாக் கையும் உயர்ந்தது.

பேகம் ஸ்டூலுக்குப் பக்கத்தில், கூட்டத்தைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். ஒரு கை பாக்கியில்லை. லைனில் எதிரே நிற்கிற பெண்கள், சாப்பாட்டு மேசையில் குழம்பை மாற்றிக்கொள்கிறவர்கள், இரமுக்குக் காய்ச்சல் வந்தபோது தன் ஷிப்டைப் பார்த்துக்கொண்ட சௌமியா, எல்லோருடைய கையும் மேலே இருந்தது. மங்கம்மா ஒரு கையில் டிபன் பை வைத்திருந்ததால் பையோடு சேர்த்துத் தூக்கியிருந்தார். 

 இவ்வளவு பேர் எதிர்ப்பார்கள் என்று செல்வம் நினைக்கவில்லை. முனிவேலே நினைக்கவில்லை. "சரி... தீர்மானம் தோற்றது" என்று செல்வம் மைக்கில் முனகினார். அதற்குள் கூட்டம் பலமாகக் கை தட்டிவிட்டு பஸ்ஸுக்கு ஓடியது. தன் தோல்விக்குத் தன் தோழிகளே கை தட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது யாருக்கும் வரக்கூடாத நிலைமை.

பேகம் பஸ்ஸில் ஏறி மூன்றாவது சீட்டில் உட்கார்ந்தார். கண்ணாடி இடுக்கு வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மங்கம்மா பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்து, பையிலிருந்து கடலை உருண்டையை எடுத்து நீட்டினார்.

"எப்பக்கா சேரணும்? பீஸ் கட்றதுக்கு கடைசி நாள் என்னைக்கு?"

பேகம் திரும்பிப் பார்த்தார். கேலி செய்கிற முகமாக இல்லை.

"ஏன் மங்கா, நீயும்தான வேணாம்னு கை தூக்கின?"

"நானா? நான் ஏன் வேணாங்கப் போறேன்? எல்லாரும்தான் உனக்காகத் தூக்கினோம்."

"செல்வம் என்ன கேட்டான்? எதிர்க்கிறவங்க தூக்குங்கன்னு கேட்டான்."

மங்கம்மாவின் வாயில் கடலை உருண்டை அப்படியே நின்றது. அதிர்ச்சியானால் அவருக்கு வீட்டில் பேசும் தெலுங்கு வந்துவிடும். "அய்யய்யோ, நேனு கூட செய்யி எத்தானே, நானும் தூக்கிட்டேனே" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு எழுந்து நின்று, பஸ் முழுக்கக் கேட்கும்படி, "ஏய், எல்லாரும் எதுக்குடி கையத் தூக்குனீங்க?" என்றார்.

"பேகம்க்கா படிக்கறதுக்கு" என்றது பஸ்.

அதற்குப் பிறகு நடந்ததை அந்தத் தொழிற்சாலையில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். ராயக்கோட்டை பஸ்தான் வரிசையில் முதலாவது. அது மெயின் ரோட்டில் ஏறுவதற்குத் திரும்பிக்கொண்டிருந்தது. டிரைவர் மணி, "கம்பெனி பஸ்ஸ நடுவுல நிறுத்தக் கூடாதும்மா, எனக்குத்தான் மெமோ குடுப்பாங்க" என்று சொல்லச் சொல்ல மங்கம்மா கதவைத் தட்டி, படியில் இறங்கி நின்றுகொண்டார். அவர் பின்னால் சௌமியா. பிறகு பஸ்ஸே இறங்கியது. மணி வேறு வழியில்லாமல் இன்ஜினை அணைத்தார். பின்னால் பாகலூர் பஸ் ஹாரன் அடித்தது, அதற்குப் பின்னால் தேன்கனிக்கோட்டை பஸ். இரண்டாவது ஷிப்ட் ஆட்கள் முகம் காட்டிப் பதிவு செய்கிற மெஷினுக்கு முன்னால் இன்னும் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். சைரனுக்குக் கொஞ்ச நேரம் இருந்தது. செல்வம் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தார். அவரை ஸ்டூலோடு திருப்பிக் கூட்டிவந்தார்கள்.

விஷயம் தெரிந்ததும் செல்வத்துக்குப் போன உயிர் வந்தது. உடனே ஏறி நின்று, "சரி, தப்பு நடந்துபோச்சு. இப்ப ஆதரிக்கிறவங்க..." என்று ஆரம்பித்தார். கைகள் உயரத் தயாராக இருந்தன. அவர் வாக்கியத்தை முடித்திருந்தால் போதும், பேகம் ஜெயித்திருப்பார்.

"இரு தம்பி" என்றார் பேகம். மைக்கை வாங்கிக்கொண்டார். மைக் பிடித்து அவர் பேசியதே இல்லை. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டார். 

"கேக்காமயே ஒரு தடவ தூக்கிட்டீங்க. இப்பவும் கேக்காமதான் தூக்கப் போறீங்க. அப்படி எனக்கு வேணாம். முனிவேலண்ணன் வேணாம்னு சொல்றாரு. ஏன் சொல்றாருன்னு உங்கள்ல யாருக்காவது தெரியுமா? மொதல்ல அவரு பேசட்டும்."

வலியத் தேடி வருகிற வெற்றியை நிறுத்திவைத்து, எதிராளி கையில் மைக்கைக் கொடுக்க எத்தனை பேருக்கு மனசு வரும்? பெரிய பெரிய சபைகளில் உட்கார்ந்திருப்பவர்களிடம்கூட நாம் இதை எதிர்பார்ப்பதில்லை. பேகம் செய்தார்.

முனிவேல் தயங்கித் தயங்கி ஏறினார். "பேகம் மேல எனக்கு ஒரு வருத்தமும் கெடையாது. எங்க சரிதா சங்கப் பணத்துலதான் படிச்சா, உங்களுக்கே தெரியும். அந்தப் பணம் கொஞ்சம் கொறைஞ்சிருந்தாலும் அவ வூட்லதான் ஒக்காந்திருப்பா. நாள பின்ன ஒரு புள்ளைக்கு அந்த மாதிரி ஆவக் கூடாது. அவ்ளோதான்" என்றார். இறங்கிவிட்டார். 

பேகம் மறுபடியும் மைக்கை வாங்கினார். "அண்ணன் சொன்னது நெஜம். ஒரு புள்ளைக்குக் கொறையும். இல்லன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா நானும் ஒரு வூட்டுப் புள்ளதான். என்னப் படிக்க வெக்க எங்கப்பா இல்ல இப்போ. சங்கத்த விட்டா நான் யாருகிட்டப் போய்க் கேப்பேன்? உங்களுக்குச் சரின்னு பட்டாத் தூக்குங்க. என் மொகத்துக்காகத் தூக்காதீங்க. வேணாம்னு பட்டா கைய எறக்கி வெச்சுக்கங்க. நாளைக்கும் உங்ககூடத்தான் சாப்பிடுவேன்."

செல்வம் கேட்டார். அந்தச் சங்கத்தில் முதல் தடவையாகக் கைகள் உடனே உயரவில்லை. ஆட்கள் யோசித்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முதலில் மங்கம்மாவின் கை, டிபன் பை இல்லாமல், நேராக மேலே போனது. பிறகு ராயக்கோட்டை பஸ். பாகலூர் பஸ் ஆட்கள் தங்களுக்குள் கன்னடத்தில் ஏதோ வாதாடிவிட்டுப் பாதிப் பேர் தூக்கினார்கள். மெஷின் வரிசையிலிருந்து கொஞ்சம், அப்புறம் இன்னும் கொஞ்சம். தூக்காத கைகளும் இருந்தன, நிறையவே இருந்தன. ஆனால் யார் பக்கம் அதிகம் என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை. முனிவேல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கடைசி வரை தூக்கவில்லை.

பேகம் அழுதார். போன தடவை எல்லாக் கையும் உயர்ந்தபோது அழாதவர், இந்தத் தடவை பாதிக்கு மேலே உயர்ந்ததற்கு அழுதார். இவை யோசித்துத் தூக்கிய கைகள்.

கூட்டம் கலையப் போகும்போது முனிவேல் கட்டியிருந்த கையைப் பிரித்து உயர்த்தினார். பேச வேண்டும் என்றார். "பேகத்துக்குக் குடுக்கறதுன்னு ஆயிடுச்சு, குடுங்க. ஆனா புள்ளைங்களுக்குக் கொறையக் கூடாது. மே தினத்துக்கு வருசா வருசம் ஆளுக்கொரு பை குடுக்கறோமே, அத நிறுத்துங்க. எங்க வூட்ல மாட்டறதுக்கு ஆணி இல்ல." சிரிப்போடு எல்லாக் கையும் உயரப் பார்த்தது. "இருங்க, எதுக்குத் தூக்கறீங்கன்னு மொதல்ல சொல்லுங்க" என்றார் செல்வம். "பைய நிறுத்தறதுக்கு" என்று சொல்லிவிட்டுத் தூக்கினார்கள். அன்றிலிருந்து அந்தச் சங்கத்தில் இதுவும் ஒரு வழக்கமாகிவிட்டது. தீர்மானத்தை எதிர்ப்பவர் ஒருவராவது பேசாமல் இப்போது கை தூக்கச் சொல்வதில்லை.

பேகம் சேர்ந்தார். ஷிப்ட் முடிந்து எல்லோரும் ராயக்கோட்டை பஸ்ஸில் ஏறும்போது அவர் மட்டும் எதிர்ப்பக்கம் டவுன் பஸ் பிடித்துப் போனார். வகுப்பில் எல்லோரும் இளைஞர்கள். முதல் தேர்வில் கணக்குப் பாடத்தில் தோற்றார். கௌஸ் மொய்தீன் இரவுச் சமையலைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டார். தினமும் தக்காளி சட்னி. இரம் அம்மாவுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். அடுத்த தடவை எழுதித் தேறினார்.

சிவப்பு ஒயர் ஏன் தடிமன் என்று தெரிந்த மறுநாள், லைனில் ஷிப்ட் முழுக்க மங்கம்மாவுக்கு விளக்கினார். அதில் அதிகக் கரண்ட் ஓடுகிறது, மெல்லிய ஒயராக இருந்தால் சூடாகிக் கருகிவிடும், அதனால்தான் என்று செருகிக்கொண்டே சொன்னார், இழுத்துக்கொண்டே சொன்னார், சாப்பாட்டு மேசையிலும் சொன்னார்.

"நீ இப்படிப் பேசுவேன்னு தெரிஞ்சிருந்தா மொத தடவ தூக்குன கைய எறக்கியிருக்கவே மாட்டேன்" என்றார் மங்கம்மா.

அந்த வருடத்து உதவித்தொகை வழங்கும் விழா ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. அதிலும் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டதும் பிள்ளையும் அப்பாவோ அம்மாவோ ஒருவரும் மேடையேற வேண்டும். பிள்ளை முன்னால் நின்று காசோலையை வாங்கும். பெற்றவர் பின்னால் நின்று அதன் தோளில் கை வைத்துக்கொள்ள, போட்டோ எடுப்பார்கள். வரிசையாகப் பிள்ளைகள் வந்து போனார்கள். கடைசியில் பேகத்தின் பெயர். அவர் புதுச் சேலையில் மேடையேறி, இத்தனை பேர் பார்க்கிறார்களே என்று கூச்சத்தோடு நின்றார். போட்டோக்காரர் கேமராவைப் பார்த்துக்கொண்டே, பழக்க தோஷத்தில், "கூட ஒருத்தர் வாங்க, அப்பா அம்மா யாராவது" என்றார்.

மண்டபம் சிரித்தது. பேகமும் சிரிக்க முயன்றார், சரியாக வரவில்லை. அப்பா நினைவு வந்துவிட்டது.

மூன்றாவது வரிசையிலிருந்து இரம் எழுந்து, படியேறி, அம்மாவுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"பாப்பா, நீ முன்னாடி வாம்மா" என்றார் போட்டோக்காரர்.

"இல்லீங்கண்ணா, இன்னைக்கு நான் பின்னாடிதான்" என்று சொல்லி, குதிகாலை உயர்த்தி, எட்டிப் பிடித்து அம்மாவின் தோளில் கையை வைத்தாள். பிறகு ஒவ்வொரு போட்டோவுக்கும் பேகம் அவளிடம் சொல்வதை அவள் பேகத்திடம் சொன்னாள்.

"குனியாதம்மா. நேராப் பாரு."

பேகம் நேராகப் பார்த்தார்.